அன்றைக்கு முனியாண்டி எங்கே போனார்

ரோஸ்வேல் தேயிலைத் தோட்டம்,
கோலா தெர்லா.
20.2.1979

அன்புள்ள மாப்பிள்ளை தங்கையாவுக்கு மச்சான் சிங்காரம் சொல்லி எழுதுவது.

இங்கே முனியாண்டி புண்ணியத்தில் மூச்சு ஓடுகிறது. அங்கே உங்கள் உடம்பும் என் தங்கை மணியம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று தெரிவிக்கவும். எனக்கு எழுத்து வாசனை இல்லாதது உங்களுக்குத் தெரியும். வழக்கமாக எழுதித் தரும் கோயில் செயலாளரை விட்டுவிட்டு இந்தத் தடவை பிள்ளைக் கொட்டகை ஆயா நீலாவதியை உட்கார வைத்திருக்கிறேன். செயலாளர் காதில் விழக்கூடாத சங்கதி இது. நீலாவதி வெளியே சொல்ல மாட்டாள். நாற்பது பிள்ளைகளை அதட்டி அதட்டி அவளுக்குத் தொண்டையே போய்விட்டது.

தைப்பூசத்திலிருந்து என் வலது கை தோளுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் தைலம் தடவிவிட்டு "வயசாச்சுலா, பெரியவரே" என்றார். வயது இரண்டு கைக்கும் ஒன்றுதானே. இடது கை சொன்னபடி எழும்புகிறது. முனியாண்டியின் அரிவாளைத் தூக்கிச் சாமியாடிய கை வலது கை. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களிடம் சொன்னால்தான் தீரும்.

1951, சித்திரை மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. நீங்களும் மணியம்மாவும் இந்தத் தோட்டத்திலேயே இருந்தீர்கள். கம்யூனிஸ்ட் பயத்தில் ஊரடங்கு போட்டிருந்த காலம். பொழுது சாய்வதற்குள் திருவிழாவை முடித்துவிட வேண்டும் என்று துரை உத்தரவு. பகல் பதினொன்றரை மணி, உடுக்கை அடித்தவன் கந்தன். அரை மணி நேரம் அடித்தும் எனக்குச் சாமி வரவில்லை. நின்று நின்று கால் மரத்துப்போனது. பின்னால் கங்காணி மனைவி காளியம்மா, "என்னா, சாமிக்கு இன்னும் லோரி கெடைக்கலியா?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குமேல் மானம் போவதைப் பொறுக்காமல் நானாகவே துள்ளிவிட்டேன்.

துள்ளிய பிறகு சும்மா இருக்க முடியுமா? அருள்வாக்கு என்று எதையாவது சொல்லியாக வேண்டும். நேர் எதிரே நீங்கள், வாயில் சம்சுச் சாராய வாடை. "டேய் தங்கையா, இன்னையிலேருந்து நீ குடியத் தொட்டா நான் ஒன்னயத் தொடுவேன்" என்றேன். நீங்கள் வெட்டிய மரம்போல் என் காலில் விழுந்தீர்கள். இந்த இருபத்தெட்டு வருஷமாக ஒரு சொட்டு நாக்கில் படவில்லை.

மாப்பிள்ளை, சொன்னது முனியாண்டி இல்லை. நான்தான். மச்சானாகப் பதினொரு தடவை சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. அதனால் சாமி வாயை இரவல் வாங்கிக்கொண்டேன். அது பாவம்.

வருகிற சித்திரைத் திருவிழாவில் அடுத்த சாமியாடியிடம் நான் அரிவாளை ஒப்படைக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தால்தான் ஒப்படைத்ததாகக் கணக்கு. ஆகையால் 'மன்னித்தேன்' என்று ஒரு வரி எழுதவும்.

கொழுந்துத் தூள் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். காரமான தூள், பாலை நிறைய ஊற்றவும்.

சிங்காரம்


மூன்றாம் கட்டை ரப்பர்த் தோட்டம்,
பீடோர்.
5.3.1979

அன்புள்ள மச்சான் சிங்காரம் அவர்களுக்கு தங்கையா வணக்கம்.

நாங்கள் சௌக்கியம். உங்கள் சௌக்கியம் தெரிந்து சந்தோஷம். கடிதத்தை மணியம்மா படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல இதையும் அவளே எழுதுகிறாள். உங்கள் கையில் வலி என்று கேட்டு மனம் கஷ்டப்பட்டது. நல்லெண்ணெயைச் சூடு காட்டித் தேய்க்கவும். இங்கே இரண்டு வாரமாக மழை, பால் எடுக்க மரம் வெட்ட முடியவில்லை. மணியம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. தேயிலைத் தூள் நன்றாக இருந்தது. வேறு விசேஷம் இல்லை.

தங்கையா


கோலா தெர்லா.
18.3.1979

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க முனியாண்டியை வேண்டுகிறேன். உங்கள் கடிதத்தைக் கேட்டு அசந்துபோனேன். இருபத்தெட்டு வருஷத்துப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்கிறீர்கள். எப்பேர்ப்பட்ட மனசு. ஆனால் 'மன்னித்தேன்' என்ற வரியை மட்டும் காணோம். நீலாவதி இரண்டு முறை தேடினாள், தாளைத் திருப்பியும் பார்த்தாள்.

ஒருவேளை நான் பாதியை மறைத்துவிட்டேன் என்று உங்களுக்குப் பட்டிருக்கலாம். சரி, மீதியையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு முனியாண்டி உங்களுடைய சிவப்புச் சேவலைப் பலியாகக் கேட்டார் அல்லவா? அதையும் கேட்டது நான்தான். அந்தச் சேவல் தினம் என் அவரைக் கொடியைக் கொத்திக்கொண்டிருந்தது. மணியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், "சேவலுக்கு வேலி தெரியுமாண்ணே?" என்று சிரித்தாள். முனியாண்டி கேட்டதும் உடனே பிடித்துக் கொடுத்தாள். குழம்பில் ஒரு தொடை எனக்கு வந்தது. நல்ல ருசி. அந்த ருசியும் இன்றுவரை நாக்கில் இருக்கிறது, அதுவும் பாவம்தான்.

இதைச் சொல்லி முடித்ததும் கை காது வரைக்கும் எழும்புகிறது. மிச்சம் உங்கள் ஒரு வரியில் இருக்கிறது.

சிங்காரம்


பீடோர்.
2.4.1979

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நலத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன். கோழி வளர்ப்பு பற்றி எழுதியிருந்ததாக மணியம்மா படித்தாள். இங்கேயும் நாலு கோழி இருக்கின்றன. ஒன்று அடை உட்கார்ந்திருக்கிறது. கை காது வரை எழும்புவது கேட்டுச் சந்தோஷம். மழை விட்டுவிட்டது.

தங்கையா

அண்ணனுக்கு மணியம்மா எழுதிக்கொள்வது: கை வலிக்கு வாயை அசைக்காமல் இருப்பதே நல்ல மருந்து என்று இங்கே ஒரு வைத்தியர் சொல்கிறார். கொஞ்ச நாள் அப்படி இருந்து பார்க்கவும்.


கோலா தெர்லா.
9.4.1979

மாப்பிள்ளைக்கு, அவசரம்.

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் சேர்த்து விசாரிக்கிறேன். நான் சேவலைப் பற்றிப் பாவமன்னிப்புக் கேட்டால் நீங்கள் அடைக்கோழியைப் பற்றி எழுதுகிறீர்கள். என் தங்கைக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது, வரி தாண்டித் தாண்டிப் படிக்கிறாள். நீலாவதியிடம் இதைச் சொன்னேன். "கண்ணுல கோளாறு இல்ல, பெரியவரே. அவங்களுக்கு நல்லாவே தெரியுது" என்றாள். அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை.

எதற்கும் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், பீடோர் பக்கம் கோஸ் ஏற்றிப் போகும் லோரிக்காரன் தங்கராஜுவிடம் கொடுத்துவிடுகிறேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன், கணீரென்று படிப்பான். உங்கள் முன்னால் நின்று அவனே படித்துக் காட்டுவான்.

1951 சித்திரையில் உங்களைக் குடிக்காதே என்று சொன்னது முனியாண்டி இல்லை, நான். சேவலைக் கேட்டதும் நான். மன்னிக்கவும்.

சிங்காரம்


பீடோர்.
17.4.1979

அண்ணன் சிங்காரத்துக்கு மணியம்மா எழுதுவது.

நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். சுமையை இறக்கி வைத்துவிட்டீர்கள் அல்லவா? இங்கே அதைச் சுமப்பது நான்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்து இரண்டு தடவையும் விழுங்கினேன். தாண்டிப் படிக்க வேண்டிய இடம் எது என்று பார்க்கத் தெரிந்த கண் எனக்கு. அதைக் கெடுக்க ஒரு லோரியே அனுப்பினீர்கள். தங்கராஜு எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுப் படித்ததில் லயத்தில் இருந்த பத்து வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து கேட்டார்கள். படித்து முடித்துவிட்டு "கோஸு வேணுமாக்கா?" என்று என்னிடம் கேட்டான்.

அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு போனார். தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு எதிரே, தெரு மறுபக்கம், ஒரு பலகை கிடக்கிறது. அதில் போய் உட்கார்ந்தார். உள்ளே போகவில்லை. ஆனால் தினமும் மரம் வெட்டி வந்ததும் நேரே அங்கேதான் போகிறார். கடைக்காரன் கை காட்டிக் கூப்பிடுகிறானாம். நேற்று நானே போய், "வாங்க, சோறு ஆறுது" என்றேன். "யோசிச்சிக்கிட்டிருக்கேன், நீ போ" என்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம். அவர் யோசித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

குடித்துவிட்டு வந்த ஆறு வருஷம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். என் சத்தம் கேட்டு நடுவில் வந்து நின்றவர் நீங்கள். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷமாகச் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் தட்டின் முன்னால் உட்காராத நாள் கிடையாது. ஒரு கையைத் தூக்குவதற்காக அதை நீங்கள் கலைத்துவிட்டீர்கள்.

உடனே ஒரு கடிதம் எழுதவும். 'வயதானதால் புத்தி தடுமாறி எழுதிவிட்டேன், அன்றைக்குச் சாமி வந்தது நிஜம்' என்று எழுதவும். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுகிறேன்.

மணியம்மா


கோலா தெர்லா.
24.4.1979

தங்கை மணியம்மாவுக்கு அண்ணன் எழுதச் சொல்வது.

உன் முழங்காலை விசாரிக்கவும் எனக்கு முகமில்லை. உன் கடிதத்தை நீலாவதி படித்ததிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நீ சொன்னபடி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். யோசித்தால் தலை சுற்றுகிறது. சாமி பெயரில் ஒரு பொய் சொன்னேன், கை போனது. சொன்னது பொய் இல்லை என்று இன்னொரு பொய் சொன்னால் கால் போகும். என் புத்தி தடுமாறிவிட்டது என்று எழுதுவதும் கூடாது. கந்தன் அன்றைக்குக் கட்டியிருந்த வேட்டியின் கரை நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. பச்சை.

சரி, முனியாண்டியையே கேட்டுவிடுவோம் என்று கோயிலில் பூ கட்டிப் போட்டேன். சிவப்புப் பூ வந்தால் பொய் சொல்லலாம், வெள்ளைப் பூ வந்தால் கூடாது. ஒரு பொட்டலம் எடுத்தேன், வெள்ளை. உன் முகம் கண்ணில் வந்தது. மறுபடி கட்டிப் போட்டேன், சிவப்பு. மூன்றாவது தடவை பிரித்தால் பொட்டலத்தில் பூவே இல்லை, இலைதான் இருந்தது. நீலாவதி அவசரத்தில் கட்டியிருக்கிறாள். "நீயே பாத்து முடிவு பண்ணுன்னு சாமி சொல்லுதுலா, பெரியவரே" என்றாள். எழுபத்தோரு வயதில் என் தலையில் கொண்டுவந்து இப்படி ஒரு வேலையை வைத்தால் நான் என்ன செய்வேன்?

பொய் எழுத மாட்டேன், மணியம்மா. மே ஆறாம் தேதி திருவிழா முடிந்ததும் தங்கராஜு லோரியில் கீழே இறங்கி வந்து அவர் பக்கத்திலேயே அந்தப் பலகையில் உட்கார்ந்துகொள்கிறேன். உள்ளே போனால் வேட்டியைப் பிடித்து இழுக்கிறேன். இடது கை நன்றாக இருக்கிறது.

சிங்காரம்


பீடோர்.
30.4.1979

மச்சான் சிங்காரம் அவர்களுக்கு தங்கையா எழுதுவது. இதை எழுதித் தருபவர் முடிவெட்டும் சிவலிங்கம். மணியம்மாவுக்குத் தெரியாது.

தேக சுகம் எப்படி? நான் ஒன்பது நாள் பலகையில் உட்கார்ந்து யோசித்ததில் முதுகு வலி.

இத்தனை வருஷம் கள்ளுக்கடையைத் தாண்டும்போதெல்லாம், 'முனியாண்டி பாக்குறாரு' என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். தங்கராஜு படித்ததைக் கேட்டதும், அப்படியானால் யாருமே பார்க்கவில்லையா என்று தோன்றியது. இருபத்தெட்டு வருஷம் ஆளில்லாத காவல் கொட்டகைக்குச் சலாம் போட்டிருக்கிறேன்.

பத்தாம் நாள் உள்ளே போய்விட்டேன். கடைக்காரன் என்னைப் புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பெஞ்சியைத் துடைத்துவிட்டு ஒரு குவளையைக் கொண்டுவந்து வைத்தான். நுரை அடங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமி பார்க்கவில்லை, நீங்கள் பார்க்கவில்லை, உங்கள் தங்கையும் பார்க்கவில்லை. தடுக்க ஆளே இல்லை. ஒரு எறும்பு விளிம்பில் ஏறி உள்ளே விழுந்தது. எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. அவ்வளவுதான், எழுந்து வந்துவிட்டேன். "என்னா தங்கையா, சாமி தடுத்திருச்சா?" என்று கடைக்காரன் கேட்டான். "இல்லலா, நான்தான்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆகவே நீங்கள் சொன்ன பொய்யை மன்னித்தேன். சேவலை மன்னிக்கவில்லை. அந்த மாதிரிச் சேவல் அதற்குப் பிறகு எனக்கு அமையவே இல்லை.

இப்போது ஒரு விஷயம் கேட்கிறேன், நிஜத்தைச் சொல்லவும். நீங்கள் போட்ட சத்தத்தில் அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான். முனியாண்டிக்கு எதற்கு உங்கள் மூக்கடைப்பு வர வேண்டும்? ஊர் பார்க்கிறதே என்றுதான் காலில் விழுந்தேன். விழுந்து கிடந்தபோது என் காதுக்குள் மெல்லிய குரல் ஒன்று கேட்டது. பெண்பிள்ளைக் குரல் மாதிரி. சாமி எந்தக் குரலிலும் பேசுமே. "விறகுக்கு அடியில இருக்கிற கோயில் மணியக் கொண்டுபோய் மாட்டு" என்றது. 

மச்சான், அந்தத் திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் முனியாண்டி கோயில் வெண்கல மணி காணாமல் போனதே, எடுத்தவன் நான். கம்போங் ராஜா ஊரில் ஒருவன் மணிக்குப் பதில் ஆறு போத்தல் சம்சு தருவதாகச் சொல்லியிருந்தான். கோணியில் சுற்றி என் வீட்டு விறகுக்கு அடியில் வைத்திருந்தேன். அது ஒரு ஜீவனுக்கும் தெரியாது. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் திரும்ப மாட்டிவிட்டேன். நான் குடியை விட்டது அந்தக் குரலுக்குப் பயந்துதான்.

எல்லாமே நான்தான் சொன்னேன் என்று எழுதிவிட்டீர்கள். மணி சங்கதியும் நீங்கள்தானா? அப்படியானால் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஒன்பது நாள் யோசித்தது இதைத்தான்.

தங்கையா


கோலா தெர்லா.
4.5.1979

மாப்பிள்ளைக்கு,

நீங்களும் மணியம்மாவும் நூறு வயது இருக்க வேண்டும். நான் அன்றைக்குச் சொன்னது இரண்டே வாக்கியம். ஒன்று குடி, ஒன்று சேவல். மணியைப் பற்றி ஒரு எழுத்துச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. இன்றுவரை மணியை எடுத்தது பட்டாளத்துக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். அதைத் திரும்ப மாட்டிய நல்லவனுக்காக ஒரு தடவை தேங்காய்கூட உடைத்திருக்கிறேன். அந்தத் தேங்காய் உங்களுக்குத்தான் என்று இப்போதுதான் தெரிகிறது.

அப்படியானால் சாமி வந்திருக்கிறது, மாப்பிள்ளை. நான் பொய்யாகத்தான் ஆடினேன், அவர் நிஜமாகவே வந்திருக்கிறார். உங்கள் கடிதத்தை நீலாவதி படித்து முடிக்கும்போது நான் தலைக்கு மேல் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தேன். வலது கையால்.

சிங்காரம்


கோலா தெர்லா.
14.5.1979

தங்கை மணியம்மாவுக்கு மட்டும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? திருவிழா நல்லபடி முடிந்தது. அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கியே கொடுத்தேன். செயலாளர் கைதட்டினார். வாங்கிக்கொண்டவன் கனகராஜ், வாட்டசாட்டமான ஆள். அவன் காதில் ஒன்று மட்டும் சொன்னேன்: "வரலன்னா வரலன்னு நில்லு."

அது முடிந்து நன்றாக ஒரு தூக்கம் போட்டு எழுந்தபிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. எனக்கு எல்லாம் நினைவில் இருக்கிறது, வருவதற்குத்தான் கொஞ்சம் நேரமாகிறது. மாப்பிள்ளை என் காலில் விழுந்ததும் நான் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினேன். அப்போது நீ அவரைத் தூக்கக் குனிந்திருந்தாய். உன் வாய் அவர் காதுக்கு நேராக இருந்தது. புருஷனைத் திட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டு மறுபடி சுற்றினேன். உங்கள் வீட்டில் விறகு எடுப்பதும் அடுப்பு மூட்டுவதும் நீதானே.

இதை மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? நீலாவதி பேனாவை மூடி வைத்துவிட்டு, "இத மட்டும் லோரியில அனுப்பிறாதீங்க" என்கிறாள். கை இப்போது நன்றாக இருக்கிறது. மறுபடி இறங்கிவிடுமோ என்றுதான் பயம்.

சிங்காரம்


பீடோர்.
23.5.1979

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு மணியம்மா வணக்கம்.

முழங்கால் தேவலை. நீங்கள் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். மலையில் குளிர் கூடியிருக்கும், கழுத்துக்குத் துண்டு கட்டிக்கொள்ளவும்.

விறகு எடுக்கும்போது மணி என் கையில் பட்டது நிஜம். எட்டு நாளும் அதன் மேல் விறகை அடுக்கி அடுக்கி மூடி வைத்ததும் நிஜம். நேரே கேட்டிருந்தால் எனக்கு அடி விழுந்திருக்கும். அவர் காதருகே குனிந்ததும் நிஜம். வாயிலிருந்து என்ன வந்தது, எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உடம்பெல்லாம் நடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

ஆனால் அதை வைத்துச் சொன்னவள் நான்தான் என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டாம். நிதானமாக யோசித்துப் பாருங்கள். பொங்கல் வைத்தாயிற்று, சுருட்டுக் கொளுத்தியாயிற்று, கந்தன் அரை மணி நேரம் உடுக்கை அடித்துக் கூப்பிட்டான். இத்தனை செய்தும் முனியாண்டி வராமல் இருப்பாரா? வந்திருப்பார். வந்து பார்த்தால் நீங்கள் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் ஏற அவருக்கு இடமில்லை. பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது நான்தான்.

ஆகவே மாப்பிள்ளையிடம் சொல்வதற்கு உங்களிடம் புதிதாக ஒன்றுமில்லை. கை இறங்காது, பயப்பட வேண்டாம். நீலாவதிக்கு என் அன்பைச் சொல்லவும். படித்து முடித்ததும் இந்தத் தாளை அவளே அடுப்பில் போட்டுவிடட்டும்.

தங்கராஜு லோரியில் வரும்போது உங்கள் மாப்பிள்ளைக்கு ஒரு சிவப்புச் சேவல் கொண்டுவரவும். இப்போது மணி ஆறே முக்கால். அவர் சாப்பிட்டு முடித்துவிட்டார்.

மணியம்மா